ஒற்றைத் தலைவலியின் தவறான முகவரிகள்

ஒற்றைத் தலைவலி மூளையில் தொடங்கும் நோய். மூக்கு, வயிறு, கண், கழுத்து ஆகிய இடங்களில் அது தன் வேலையைக் காட்டுமே தவிர, அங்கிருந்து புறப்படுவதில்லை. நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து சேர்வதற்குள் இந்நோயாளிகளில் பலர் மூன்று நான்கு மருத்துவர்களைப் பார்த்து முடித்திருப்பார்கள். மடியில் வைத்திருக்கும் துணிக்கடைப் பையைத் திறந்தால் கண்ணாடிக்கு எழுதிய சீட்டு, மூக்கு எக்ஸ்ரே, கழுத்து எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி அறிக்கை, தலை ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பெரும்பாலானவற்றில் குறை ஏதும் இல்லை என்று எழுதியிருக்கும். அல்லது அந்த வயதில் யாருக்கும் இருக்கக்கூடிய சிறு தேய்மானத்தைக் குறிப்பிட்டிருக்கும்.

நோயைக் கண்டறிய இந்தத் தாள்கள் தேவைப்படுவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முதன்மையான பரிசோதனை. பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட மூன்றாம் வகைப்பாட்டின்படி, மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும் வலி குறைந்தது ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும். ஒரு பக்கமாக வலித்தல், விண் விண்ணென்று தெறித்தல், அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்குக் கடுமை, படியேறினாலோ நடந்தாலோ கூடுதல் ஆகிய நான்கில் இரண்டாவது இருக்க வேண்டும். கூடவே குமட்டலோ வாந்தியோ வர வேண்டும். இல்லையென்றால் வெளிச்சமும் சத்தமும் இரண்டுமே தாங்க முடியாமல் போக வேண்டும். நான்கில் இரண்டு போதும் என்பதால், இரண்டு பொட்டிலும் வலிப்பவருக்கும் பின்மண்டையில் வலிப்பவருக்கும் இது ஒற்றைத் தலைவலியாகவே இருக்கலாம். வலி இம்முறை இடப்பக்கம், அடுத்த முறை வலப்பக்கம் என்று மாறுவதும் இயல்பே. ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் மட்டும் வலிக்கிறது என்று சொல்பவரைத்தான் மருத்துவர் சற்றுக் கூடுதலாகச் சோதித்துப் பார்ப்பார்.

அனுபவமுள்ள மருத்துவர்கள் ‘எங்கே வலிக்கிறது’ என்பதைவிட ‘வலி வந்தால் என்ன செய்வீர்கள்’ என்ற கேள்விக்கு அதிக மதிப்புக் கொடுப்பார்கள். “லைட்டை அணைச்சுட்டு, துண்டை நெத்தியில இறுக்கிக் கட்டிக்கிட்டுப் படுத்துருவேன் சார். பிள்ளைங்க டிவி போட்டாக்கூட எரிச்சலா வரும்” என்று பதில் வந்தால் பாதி நோயறிதல் முடிந்தது. மன இறுக்கத் தலைவலிக்காரர் முனகிக்கொண்டே வேலையை முடித்துவிடுவார். ஒற்றைத் தலைவலிக்காரரால் அசைய முடியாது.

இது அபூர்வ நோயும் அல்ல. உலக அளவில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெங்களூருவிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களிடையே நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு, முந்தைய ஓராண்டில் இந்நோய் இருந்தவர்கள் 25 விழுக்காடு என்று காட்டியது. பருவ வயதுக்கு முன் ஆண் பெண் வேறுபாடு பெரிதாக இல்லை. அதன் பிறகு பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு. பணக்காரர் நோய், படித்தவர் நோய், கணினி முன் உட்காருபவர் நோய் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. களையெடுக்கப் போகும் பெண்ணுக்கும் வருகிறது. அவர் மருத்துவரிடம் வருவது மட்டும் குறைவு.

தவறான எண்ணங்கள் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: நோயின் விளைவை நோயின் காரணம் என்று எடுத்துக்கொள்வது. அது எப்படி நேர்கிறது என்பதற்கு ஒரு தாக்குதலின் நடையை அறிய வேண்டும். வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒரு நாள் முன்பே, அறிகுறிகள் தொடங்கிவிடும். காரணமில்லாத கொட்டாவி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர், பிடரி இறுக்கம், இனிப்பின் மீதோ ஏதாவது ஒன்றின் மீதோ திடீர் ஆசை. பிறகு மூன்றிலொரு பங்கினருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பார்வையில் மின்னும் வளைகோடுகள், நடுவில் ஒரு மறைப்பு, சிலருக்குக் கையிலும் உதட்டிலும் மரத்துப்போதல். ஒவ்வொரு குறியும் 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும். இதை முன்குறி என்று சொல்லலாம். அதற்குப் பின் வலி. வலி நின்ற மறுநாளும் மந்தம், களைப்பு, தலையை ஆட்டினால் உள்ளே ஏதோ தளும்புவது போன்ற உணர்வு. நோயாளி இவை அனைத்தையும் ஒரே நோயாக எண்ணுவதில்லை. வலியை மட்டும் நோயாகவும், அதற்கு முன் நடந்ததைக் காரணமாகவும் வைத்துக் கணக்குப் போடுகிறார்.

முதலில் மூக்கு. ‘தலையில் நீர் கோத்துக்கொண்டது’, ‘எனக்குச் சைனஸ்’ என்ற இரண்டும் தமிழ்நாட்டின் தலைவலிப் பேச்சில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். நொச்சித் தழை ஆவி, சுக்குப் பற்று, நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பூசுவது, கடைசியாக மூக்கு அறுவைச் சிகிச்சை என்று வைத்தியம் படிப்படியாக ஏறும். வலிக்கும்போது மூக்கு அடைப்பதும், கண்ணில் நீர் வடிவதும், கன்னமும் புருவமும் கனப்பதும் உண்மைதான். முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்பு தூண்டப்படும்போது மூளைத்தண்டில் ஓர் அனிச்சைச் செயல் நடந்து, மூக்குச் சவ்வையும் கண்ணீர்ச் சுரப்பியையும் இயக்கும் நரம்புகள் முடுக்கப்படுகின்றன. ஆக, மூக்கடைப்பு வலியோடு வருகிறது; வலியை உண்டாக்கவில்லை. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், தமக்குச் சைனஸ் தலைவலி என்று தாமே சொன்ன அல்லது மருத்துவர் சொன்ன 2,991 பேரைச் சோதித்தார்கள். முன்பு ஒற்றைத் தலைவலி என்று யாரும் சொல்லியிராத அவர்களில் 88 விழுக்காட்டினரின் வலி அந்த வகையைச் சேர்ந்ததாகவே இருந்தது. உண்மையான சைனஸ் அழற்சியில் மூக்கிலிருந்து கெட்டியான மஞ்சள், பச்சைச் சளி வரும், காய்ச்சல் இருக்கலாம், மணம் தெரியாமல் போகும். ஒரே நாளில் வந்து மறுநாள் மாயமாகாது. மாதம் இருமுறை வந்து, வாந்தி எடுக்க வைத்து, தூங்கி எழுந்தால் விட்டுப்போகும் ‘சைனஸ்’ உலகில் இல்லை.

அடுத்தது பித்தம். நோயாளி கசப்பான மஞ்சள் நீரை வாந்தியெடுக்கிறார். எடுத்ததும் தலை லேசாகிறது. எனவே பித்தம் தலைக்கேறியிருந்தது, வெளியே வந்ததும் வலி போயிற்று. இந்தத் தர்க்கத்தை மறுப்பது எளிதல்ல, ஏனெனில் கண்ணெதிரே நடப்பது அதுதான். உடலுக்குள் நடப்பது வேறு. தாக்குதல் தொடங்கியதும் இரைப்பையின் அசைவு மந்தப்படுகிறது. சாப்பிட்டது அப்படியே நிற்கிறது, குமட்டுகிறது, வாந்தி வருகிறது. வெறும் வயிற்றில் மீண்டும் மீண்டும் குமட்டினால் சிறுகுடலின் தொடக்கத்தில் இருக்கும் பித்தநீர் மேலேறி வரும், அதுவே கசப்பு. தாக்குதல் முடியும் தறுவாயில் பலருக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, வாந்தியும் பின் உறக்கமும் வருவதால் வாந்தியே தீர்த்துவைத்தது என்று தோன்றுகிறது. விரலை விட்டு வாந்தி எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கு எண்டோஸ்கோப்பி செய்து வயிற்றுக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தாலும் தலைவலி நாள்காட்டியில் ஒரு கட்டம்கூடக் குறைவதில்லை.

இரைப்பை மந்தத்துக்கு ஒரு நடைமுறைப் பொருள் இருக்கிறது. வலி முற்றிய பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். வாந்தியை அடக்கும் மருந்தை வலி மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது குமட்டலுக்காக மட்டும் அல்ல, வலி மருந்தும் குடலைச் சேர்ந்து உறிஞ்சப்பட வேண்டும் என்பதற்காகவும்தான்.

சாக்லேட், பாலாடைக்கட்டி, வாழைப்பழம், கத்தரிக்காய் என்று நீளும் விலக்குப் பட்டியல்களிலும் விளைவே காரணமாகிவிடுகிறது. 1997இல் வெளியான ஆய்வில் தலைவலி உள்ள 63 பெண்களுக்கு, எது என்று தெரியாதவாறு, சாக்லேட்டும் அதே சுவையுள்ள மாற்றுப் பொருளும் கொடுத்துப் பார்த்தார்கள். சாக்லேட் கூடுதலாக வலியைக் கொண்டுவரவில்லை. பின் ஏன் இத்தனை பேர் சாக்லேட்டைக் குற்றம் சொல்கிறார்கள்? ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரே நோயாளியை 30 நாள் நாள்தோறும் எம்ஆர்ஐ கருவியில் வைத்துப் படமெடுத்த ஆய்வு 2016இல் வெளியானது. அந்த இடைவெளியில் அவருக்கு மூன்று முறை வலி வந்தது. வலிக்கு முந்தைய 24 மணி நேரத்திலேயே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி மாறுபட்டு இயங்கத் தொடங்கியிருந்தது. பசி, தாகம், உறக்கம், ஆசை எல்லாவற்றையும் ஆள்வது அந்தப் பகுதிதான். தாக்குதல் உள்ளே தொடங்கிவிட்டதால் இனிப்பு கேட்கிறது. இனிப்பு தின்ற சில மணி நேரத்தில் வலி வெளியே தெரிகிறது. பழி மிட்டாய்க்குப் போகிறது. ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாத இளம்பெண்களுக்கு நீளமான விலக்குப் பட்டியலைக் கையில் கொடுப்பது அவர்களைப் பட்டினி போடுவதில் முடியும். பட்டினி உண்மையிலேயே வலியைத் தூண்டும்.

கழுத்தின் கதை சற்றுச் சிக்கலானது. தாக்குதலின்போது பெரும்பாலானோருக்குப் பிடரி வலிக்கிறது. முகத்திலிருந்து வரும் நரம்பு இழைகளும் மேல்கழுத்தின் முதல் மூன்று நரம்புகளின் இழைகளும் மூளைத்தண்டின் அடியில் ஒரே நரம்பணுக்களில் சென்று சேர்கின்றன. அதனால் தலையில் எழும் வலி கழுத்திலும் கேட்கும். நாற்பதைத் தாண்டிய பலரின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் எலும்புத் தேய்மானம் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டு, கழுத்தில் பட்டையை மாட்டி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. பட்டை அணிந்து ஆறு மாதமாகியும் வலி குறையாத நோயாளியிடம் ‘வலிக்கும்போது வாந்தி வருமா’ என்று முதல்முறையாக ஒருவர் கேட்கும்போது அவர் முகத்தில் தெரியும் வியப்பு, இத்துறையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி.

கண்ணாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பார்வைக் குறையால் கண் களைத்து மாலையில் நெற்றி லேசாக வலிக்கும். அது வாந்தி எடுக்க வைக்காது. இரத்த அழுத்தமும் அப்படியே. மிதமான உயர் அழுத்தம் தலைவலி தருவதில்லை. வலியின் வேதனையில் அழுத்தம் கொஞ்சம் ஏறும், அந்த நேரத்தில் அளந்தால் 150 காட்டும், காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். 180ஐயும் தாண்டி மிக உயர்ந்த நிலையில் வரும் தலைவலி வேறு; அது அவசர நிலை.

விளைவைக் காரணமாக எண்ணியதில் மருத்துவத் துறைக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் நோயாளிகளை மட்டும் திருத்துவது நியாயமாகாது. நியூயார்க்கில் ஹெரால்ட் வொல்ஃப் என்ற மருத்துவர் 1930களில் பொட்டில் ஓடும் தமனியின் துடிப்பைப் பதிவு செய்தார். எர்கோட்டமின் என்ற மருந்தைச் செலுத்தியதும் துடிப்பு தணிந்தது, வலியும் தணிந்தது. இரத்தக் குழாய் சுருங்கினால் முன்குறி, விரிந்தால் வலி என்ற கொள்கை அதிலிருந்து பிறந்து அரை நூற்றாண்டு ஆட்சி செய்தது. இன்றும் ‘தலை நரம்பு புடைக்கிறது, வெடித்துவிடுமோ’ என்று பயப்படும் நோயாளி தன்னை அறியாமல் வொல்ஃபின் கொள்கையைத்தான் சொல்கிறார்.

அந்தக் கொள்கைக்கு எதிரான சான்று வேறு மூலைகளில் சேர்ந்துகொண்டிருந்தது. கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளருக்கு முன்குறி வருவதுண்டு. தன் பார்வையில் மின்னும் வளைவு விரிந்து செல்லும் வேகத்தைக் குறித்துவைத்து, மூளைப் புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941இல் கணக்கிட்டார். பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியாவோ வலிப்பு நோயை ஆராய வேண்டி முயலின் மூளையைத் தூண்டியபோது, மின் இயக்கம் அடங்கிப்போகும் ஓர் அலை அதே மெதுவான வேகத்தில் பரவுவதை 1944இல் வெளியிட்டார். இருவர் எழுதியதும் ஒன்றே என்று பீட்டர் மில்னர் சுட்டிக்காட்ட 1958 ஆயிற்று. டென்மார்க்கில் யெஸ் ஓலெசன் குழுவினர் 1981இல் நோயாளிகளின் மூளையிலேயே இரத்த ஓட்டக் குறைவு இப்படி ஊர்ந்து பரவுவதைக் கண்டார்கள். வலியின்போது முக்கிளை நரம்பின் முனைகள் சிஜிஆர்பி என்ற புரதக்கூறை வெளியிடுகின்றன என்பதை பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் 1990இல் கழுத்துச் சிரை இரத்தத்தில் அளந்து காட்டினார்கள். அதே பொருளை நோயாளிகளின் உடலில் செலுத்தினால் வலி வருகிறது என்று 2002இல் நிறுவப்பட்டது. அதைத் தடுக்கும் முதல் ஊசி மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதற்கிடையே 2013இல் கோபன்ஹேகனில் வலியின் நடுவே எம்ஆர்ஐயில் தமனிகளைப் படமெடுத்தபோது, மண்டைக்கு வெளியே ஓடும் தமனிகள் விரியவே இல்லை என்று தெரிந்தது. வொல்ஃப் பார்த்த துடிப்பு பொய்யல்ல. அதற்கு அவர் கொடுத்த இடம்தான் தவறு.

தூண்டுதலைக் காரணம் என்று கொள்வது இன்னொரு வகைப் பிழை. இந்நோய் உள்ளவரின் மூளை மாற்றங்களைத் தாங்குவதில்லை. உறக்கம் குறைந்தாலும் கூடினாலும், சாப்பாடு தள்ளிப்போனாலும், வெயில் ஏறினாலும், மாதவிலக்குக்கு முன் ஈஸ்ட்ரோஜன் சரிந்தாலும் அது எதிர்வினை காட்டும். இந்த மூளை அமைப்பு பெரும்பாலும் பிறப்பிலேயே வருகிறது. 2022இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு இந்நோயோடு தொடர்புள்ள 123 மரபணு இடங்களைக் காட்டியது. ‘எங்க அம்மாவுக்கும் இப்படித்தான், முந்தானையை நெற்றியில் கட்டிக்கொண்டு படுத்திருப்பாங்க’ என்ற வாக்கியம் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி கேட்பது.

தலைக்குக் குளித்தால் தலைவலி வரும் என்று நம் பெண்கள் சொல்வதை மேல்நாட்டுப் பாடநூல்கள் அறியவில்லை. படித்த மருத்துவர்களும் நீண்டகாலம் அதை நம்பிக்கை என்று தள்ளினார்கள். மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் 2006இல், தலைக்குக் குளிப்பது தூண்டுதலாக அமைந்த 94 இந்திய நோயாளிகளைப் பற்றி ஆய்விதழில் எழுதிய பிறகு அது ஏட்டில் ஏறியது. நீண்ட கூந்தல், அது உலராமல் ஈரத்தோடு இருக்கும் நேரம் என இங்கே உள்ள வழக்கங்களோடு பிணைந்த தூண்டுதல் இது. மக்கள் சொல்வதெல்லாம் தவறு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நீர் மண்டைக்குள் இறங்குகிறது என்ற விளக்கம் தவறு. குளித்த அன்று வலித்தது என்ற கவனிப்பு சரி. அப்படிப்பட்டவர்களிடம் குளிக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பகலில் குளித்து முடியை உடனே உலர்த்தச் சொல்லலாம். சிலருக்குக் குளிப்பதற்கு முன் ஒரு மாத்திரை போதும்.

தூண்டுதல்கள் தனித்தனியே வருவதைவிடக் கூட்டுச் சேர்ந்து வருவதே அதிகம். தீபாவளி நாளை எடுத்துக்கொண்டால் முந்திய இரவு உறக்கமில்லை, விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளியல், ஈரத்தலை, வெடிச் சத்தம், புகை, நேரம் தவறிய சாப்பாடு. நண்பகலில் அந்த வீட்டில் ஒருவர் இருட்டறையில் படுத்திருப்பார். பலகாரத்தின் மீது பழி விழும். ஞாயிற்றுக்கிழமைத் தலைவலியும் இதே வகை: வாரம் முழுதும் இருந்த பரபரப்பு சட்டென்று இறங்குகிறது, எழுவது இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது, காலைக் காப்பியும் அதோடு தள்ளிப்போகிறது. விரத நாள்களும், எல்லோரும் சாப்பிட்ட பின்பே தட்டெடுக்கும் வீட்டுப் பெண்ணின் எல்லா நாள்களும் இந்தப் பட்டியலில் சேரும்.

‘மனசுதான் காரணம்’, ‘வேலைக்குப் பயந்து படுத்துக்கொள்கிறாள்’ என்ற பேச்சு பெண்களுக்குச் செய்திருக்கும் கேடு மற்ற எல்லாப் பிழைகளையும்விடப் பெரியது. இருட்டறையைத் தேடுவது நடிப்பில்லை என்பதற்கு நேர்த்தியான சான்று 2010இல் வெளியானது. பார்வையற்ற ஒற்றைத் தலைவலி நோயாளிகளில், உருவம் தெரியாவிட்டாலும் வெளிச்சத்தை உணரக்கூடியவர்களுக்கு ஒளி பட்டால் வலி கூடியது. ஒளியையே உணராதவர்களுக்குக் கூடவில்லை. விழித்திரையில் பார்வைக்குத் தொடர்பில்லாத ஒளியுணர் அணுக்கள் உள்ளன. அவற்றின் இழைகள் வலியைக் கடத்தும் மூளைப் பகுதிக்கே செல்கின்றன. தலை சீவினாலும் காதணி பட்டாலும் வலிக்கிறது என்பதும் இப்படியே. தாக்குதல் முற்றும்போது தோலின் உணர்ச்சி தாறுமாறாகிறது. மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. மாதத்தில் பத்து நாள் படுக்கையில் கிடந்து, அதை யாரும் நம்பாமலும் இருந்தால் எவருக்குத்தான் சோர்வு வராது?

குழந்தைகளும் இந்தச் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். அவர்களுக்கு வலி இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடலாம், நெற்றி முழுவதும் வலிக்கலாம். காலையில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுத பிள்ளை மாலையில் தெருவில் விளையாடுகிறது. பொய் என்று அடி விழுகிறது. தலையே வலிக்காமல் வயிறு மட்டும் வலித்து முகம் வெளிறிப்போகும் வகையும் உண்டு. பேருந்தில் ஏறினால் வாந்தி எடுக்கும் பிள்ளையின் தாய்க்கு ஒற்றைத் தலைவலி இருக்கிறதா என்று கேட்பது வீண்போகாத கேள்வி.

ஸ்கேன் எடுத்தால் நோய் தெரியும் என்ற எண்ணம் ஆழமானது. இந்நோயில் ஸ்கேன் குறையின்றியே இருக்கும். குறையில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. மூளைக் கட்டி வேறெந்த அறிகுறியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு வரும் தலைவலியாக மட்டும் இருப்பது மிக அரிது. மூளையின் மின் இயக்கத்தைப் பதியும் ஈஈஜி இந்நோய்க்கு எதையும் சொல்வதில்லை, ஆனாலும் எழுதப்படுகிறது. ஸ்கேனில் எதேச்சையாகத் தெரியும் சிறு வெண்புள்ளிகள் புதிய பயத்தைக் கிளப்பும். அதைத் தணிக்க ஆகும் நேரம் நோயைக் கேட்டறிய ஆகும் நேரத்தைவிட அதிகம்.

மருந்தைப் பற்றிய பிழைகள் இரண்டு எதிர்த்திசைகளில் நிற்கின்றன. ஒரு சாரார் மாத்திரை கெடுதல் என்று தாங்கும்வரை தாங்கிவிட்டு, முடியாத கட்டத்தில் அரை மாத்திரை போடுகிறார்கள். அப்போது வயிறும் மந்தம், தோலுணர்ச்சியும் கெட்டிருக்கும். எதுவும் வேலை செய்யாது. வலி தொடங்கிய அரை மணி, ஒரு மணிக்குள் முழு அளவு எடுத்தால் அதே மருந்து கேட்கும். சுமட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்துகளுக்கு இது இன்னும் பொருந்தும். இதய இரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கு அவை ஆகாது.

மறு சாரார் கைப்பையில் அட்டையோடு திரிபவர்கள். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும், காஃபீன் கலந்த கூட்டு மாத்திரை தினசரிப் பழக்கமாகிறது. சாதாரண வலி மருந்தை மாதம் 15 நாளுக்கும், கூட்டு மாத்திரை, டிரிப்டான், எர்கோட்டமின் வகைகளை 10 நாளுக்கும் குறையாமல் மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். காலையில் கண் விழிக்கும்போதே வலி, மாத்திரை போட்டால் மதியம் வரை நிம்மதி, மாலையில் மீண்டும் வலி. அதை நிறுத்தச் சொன்னால் நோயாளி மருத்துவரை விசித்திரமாகப் பார்ப்பார். முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவர் திரும்பி வரமாட்டார். வேறு மருத்துவரிடம் போவார்.

தடுப்பு மருந்துகளின் சிக்கல் மருந்துக்கடை வாசலில் தொடங்குகிறது. மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வலி வருபவர்களுக்கு நாள்தோறும் எடுக்கும் மருந்து எழுதப்படும். புரோப்ரனலால் இதயத்துக்கும், அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும், டோபிராமேட் வலிப்புக்கும் வந்த மருந்துகள். கடைக்காரர் சீட்டைப் பார்த்து “இது ஃபிட்ஸ் மாத்திரை ஆச்சே, யாருக்கு?” என்று கேட்டுவிட்டால் போதும், அன்றிரவு வீட்டில் பெரிய கூட்டம் கூடும், திருமணமாகாத பெண்ணாக இருந்தால் மாத்திரை குப்பைக்குப் போகும். எழுதிக்கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடும் மருத்துவர்கள் இந்தத் தொல்லையைத் தவிர்க்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இவை வேலை செய்ய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்தியவர்களே ‘எல்லா மருந்தும் பார்த்தாச்சு’ என்பவர்களில் கணிசமானவர்கள். வலி பாதியாகக் குறைந்தால் அது வெற்றி. அடியோடு மறைவது எதிர்பார்க்கத் தக்கதல்ல. புதிய சிஜிஆர்பி ஊசிகள் பக்கவிளைவு குறைந்தவை. விலை மட்டும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாது. வால்புரோயேட் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்கும் வயதினருக்கு அதைத் தவிர்க்க வேண்டும்.

‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலில் சிறு துளி உண்மை இருக்கிறது: கருவுற்ற காலத்தின் நடுவிலும் இறுதியிலும் பலருக்கு வலி நன்றாகக் குறையும், பிரசவத்துக்குப் பின் திரும்பும். கர்ப்பப்பையை எடுத்தால் தீரும் என்பது அபாயமான பொய். சூலகத்தோடு சேர்த்து எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று நின்று, வலி மோசமாவதே அதிகம். முன்குறி உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு, சிறிதளவே ஆனாலும், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. எனவே மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை அவர்களுக்குக் கொடுப்பதில்லை. காப்பர்-டி போன்ற மாற்று உண்டு. கண்ணில் மின்னல் தெரியுமா என்ற ஒரு கேள்வியைக் குடும்பநலப் பிரிவில் கேட்டாலே போதுமானது.

கடைசிப் பிழை எதிர்த்திசையில் நிகழ்வது: எல்லாத் தலைவலிக்கும் இந்தப் பெயரைக் கொடுத்துவிடுவது. ஏற்கெனவே இந்நோய் உள்ளவருக்கும் வேறு நோய் வரலாம். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி மூளை இரத்தக் கசிவாக இருக்கலாம். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் மூளை உறை அழற்சி. குனிந்தால், இருமினால், படுத்தால் கூடும் வலியும், நாளுக்கு நாள் ஏறும் வலியும், பேச்சுக் குழறலோ கை கால் பலவீனமோ நீடிப்பதும் ஸ்கேனை வேண்டுபவை. பிரசவமான சில வாரங்களுக்குள் விடாமல் தலை வலித்தால் மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். இந்தியாவில் இது அரிதல்ல. ‘பச்சை உடம்பு’ என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் இரத்தத்தை மேலும் கெட்டியாக்கும். அவள் வலிப்பு வந்து அவசரப் பிரிவுக்கு வருவதற்கு முன் நான்கு நாள் ஒற்றைத் தலைவலி மாத்திரை சாப்பிட்டிருப்பாள்.

ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியை ஒற்றைத் தலைவலி என்று எளிதில் சொல்லக் கூடாது. பொட்டில் தொட்டால் வலி, மென்றால் தாடை நோவு, எடை குறைதல் இருந்தால் பொட்டுத் தமனி அழற்சியா என்று பார்க்க வேண்டும். அது கண் நரம்புக்குப் போகும் இரத்தத்தை அடைத்துவிட்டால் பார்வை திரும்பாது. அதனால் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி சோதனைகளுக்கு இரத்தம் எடுத்த கையோடு ஸ்டீராய்டு தொடங்கப்படுகிறது. தமனித் துண்டைச் சோதிப்பது அதற்குப் பிறகு.